உற்றுநோக்கப்படுபவர் யார்? கல்வியியல் படிப்பில் வகுப்பறை உற்றுநோக்கலின் வரலாறு

ஆய்வுச் சுருக்கம்

குழந்தைப் பருவத்தையும் கல்வியையும் பல்கலைக்கழக நிலையில் பயில்வோர் பள்ளிகளுக்குச் சென்று வகுப்பறையை உற்றுநோக்கிப் பதிவு செய்வது இன்று உலகெங்கும் வழக்கத்தில் உள்ளது. இவ்வழக்கத்துக்கு வேறுபட்ட இரண்டு மூலங்கள் உள்ளன. ஒன்று, தேர்ந்த ஆசிரியரைக் கண்டு அவர் முறையைப் பழகும் மாதிரிப்பள்ளி மரபு. மற்றொன்று, குழந்தையின் சிந்தனையையும் செயலையும் கண்டு பதியும் ஆய்வகப்பள்ளி மரபு. இவ்விரு மரபுகளும் உருவான சூழலையும், இந்திய ஆசிரியர் கல்வியில் முதல் மரபு மேலோங்கிய வரலாற்றையும் இக்கட்டுரை ஆராய்கிறது. பள்ளிக்குச் செல்லும் கால அளவை மட்டும் கூட்டுவதால் குழந்தையைப் பற்றிய அறிவு கூடிவிடாது என்பது இதன் முடிவாகும்.

திறவுச்சொற்கள்: வகுப்பறை உற்றுநோக்கல், ஆசிரியர் கல்வி, மாதிரிப்பள்ளி, ஆய்வகப்பள்ளி, ஜான் டூயி, சூசன் ஐசக்ஸ், மரியா மாண்டிசோரி, பள்ளிப் பணிப்பயிற்சி.

1. முன்னுரை

பி.எட். மாணவர் ஒருவர் முதன்முதலாகப் பள்ளிக்கு அனுப்பப்படும்போது வகுப்பறையின் கடைசி இருக்கையில் உற்றுநோக்கல் பதிவேட்டுடன் அமர்கிறார். அந்த இடத்திலிருந்து அவருக்கு நேர் எதிரே தெரிவது ஆசிரியரின் முகமும் கரும்பலகையும் ஆகும். குழந்தைகளின் முதுகுகளே அவருக்குத் தெரிகின்றன. பதிவேட்டில் நிரப்ப வேண்டிய கட்டங்களும் இந்த இட அமைப்பை ஒத்தே இருக்கின்றன. பாட அறிமுகம், வினாக் கேட்டல், கரும்பலகைப் பயன்பாடு, துணைக்கருவிகள், வகுப்புக் கட்டுப்பாடு, மதிப்பீடு என்று பெரும்பாலானவை ஆசிரியரின் செயல்களைக் குறித்தவை.

இந்த அமைப்பு இயல்பானதாகத் தோன்றினாலும், இதற்கு ஒரு வரலாறு உண்டு. வகுப்பறைக்குள் செல்லும் மாணவர் யாரைப் பார்க்க வேண்டும் என்ற வினா பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலேயே கூர்மையாக எழுப்பப்பட்டது. அதற்குத் தரப்பட்ட விடைகளையும், அவற்றுள் எது நிலைத்தது, எது பின்தங்கியது என்பதையும் கால வரிசையில் காண்பது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2. கண்டு பழகுதல்: மாதிரிப்பள்ளி மரபு

ஆசிரியர் பயிற்சியின் நவீன வரலாற்றில் சென்னைக்கு ஓர் இடம் உண்டு. 1787இல் சென்னைக்கு வந்த ஆண்ட்ரூ பெல், எழும்பூரில் இயங்கிய படைவீரர் ஆதரவற்ற சிறுவர் இல்லத்தின் கண்காணிப்பாளராகப் பொறுப்பேற்றார். உள்ளூர்ப் பள்ளிக்கூடம் ஒன்றில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைக் கண்டு, அதைத் தம் இல்லத்தில் புகுத்தினார். மூத்த பிள்ளைகளைக் கொண்டு இளையோருக்குக் கற்பிக்கும் முறையையும் அங்கே வளர்த்தெடுத்தார். திண்ணைப் பள்ளிகளில் சட்டாம்பிள்ளை ஆற்றிய பணியை அறிந்த தமிழருக்கு இம்முறை புதியதன்று. 1797இல் பெல் இலண்டனில் வெளியிட்ட சிறு நூலின் வழியாக இது ‘சென்னை முறை’ என்ற பெயருடன் இங்கிலாந்தில் பரவியது.

இம்முறையைப் பின்பற்றிய பள்ளிகளுக்கு ஆசிரியர்களை உருவாக்கும் வழி எளிமையானது. பயிற்சிக்கு வந்தவர் மையப்பள்ளியில் சில காலம் தங்கி, அங்கு நடப்பதைக் கண்டு, அதன்படியே செய்யப் பழகினால் போதும். கற்பித்தல் ஒரு பொறிபோல் இயங்கும் ஒழுங்கமைவாகக் கருதப்பட்டதால், அதன் இயக்கத்தைக் காண்பதே பயிற்சி ஆயிற்று. அந்த ஒழுங்கில் தன் இடத்தில் நிற்கும் ஓர் எண்ணாகவே குழந்தை கொள்ளப்பட்டது.

ஸ்காட்லாந்தில் டேவிட் ஸ்டோ 1837இல் கிளாஸ்கோவில் தொடங்கிய ஆசிரியர் பயிற்சி நிறுவனம் இதை ஒரு படி மேலே கொண்டு சென்றது. பயிற்சி மாணவர் ஒருவர் பாடம் நடத்த, பிறர் அமர்ந்து பார்த்து, பின்னர்க் கூடி அதன் குறை நிறைகளை எடுத்துரைக்கும் விமரிசனப் பாடம் என்னும் வழக்கம் இத்தகைய நிறுவனங்களில் வேரூன்றியது. இன்று தமிழகக் கல்வியியல் கல்லூரிகளில் நடைபெறும் விமரிசன வகுப்பு அந்த மரபின் தொடர்ச்சியாகும்.

இந்தியாவில் 1854ஆம் ஆண்டின் உட்ஸ் கல்வி அறிக்கை ஆசிரியர் பயிற்சி நிறுவனங்களை ஏற்படுத்துமாறு வலியுறுத்தியது. பின்னர் சைதாப்பேட்டையில் நிலைபெற்ற ஆசிரியர் கல்லூரி 1856இல் சென்னையில் தொடங்கப்பட்டது. கர்சன் காலத்தில், 1904இல் வெளியான இந்தியக் கல்விக் கொள்கைத் தீர்மானம் ஒவ்வொரு பயிற்சிக் கல்லூரியுடனும் ஒரு பயிற்சிப்பள்ளி இணைந்திருக்க வேண்டும் என்றது. கல்லூரியில் கற்ற கோட்பாட்டைப் பள்ளியில் செய்துபார்க்க இடம் வேண்டும் என்பது அதன் கருத்து. குழந்தையிடமிருந்து புதிதாக ஒன்றை அறிந்துவர வேண்டும் என்ற எண்ணம் இவ்வேற்பாட்டில் மையம் பெறவில்லை.

3. ஆய்வகமாகிய பள்ளி: சிகாகோ, 1896–1904

ஏறத்தாழ இதே காலத்தில் அமெரிக்காவில் குழந்தையே அறிவியல் ஆய்வின் பொருளானது. 1883இல் ஜி. ஸ்டான்லி ஹால், பள்ளியில் சேரும் குழந்தைகள் எவற்றை அறிந்திருக்கிறார்கள் என்று வினவி ஓர் ஆய்வை வெளியிட்டார். அதைத் தொடர்ந்து எழுந்த குழந்தை ஆய்வு இயக்கம் ஆசிரியர்களையும் பெற்றோரையும் தரவு திரட்டுவோராக ஈடுபடுத்தியது. ஆயினும் வினாப்பட்டியல் வழியே திரட்டப்பட்ட அத்தரவுகள் குழந்தையை அதன் அன்றாடச் செயலிலிருந்து பிரித்துக் காட்டின.

ஜான் டூயி 1896 ஜனவரியில் சிகாகோ பல்கலைக்கழகத்தில் தொடங்கிய பள்ளி வேறு வழியில் சென்றது. தொடக்கத்தில் 16 குழந்தைகளும் 2 ஆசிரியர்களும் மட்டுமே இருந்தனர். சமையல், நெசவு, தச்சு முதலிய தொழில்களை மையமாகக் கொண்டு பாடங்கள் அமைந்தன. இப்பள்ளியை மாதிரிப்பள்ளி என்றோ பயிற்சிப்பள்ளி என்றோ கொள்ளலாகாது என்பதில் டூயி உறுதியாக இருந்தார். இயற்பியல் துறைக்கு ஆய்வகம் எவ்வாறோ அவ்வாறே கல்வியியல் துறைக்குப் பள்ளி என்பது அவர் நிலைப்பாடு. கருதுகோள்களைச் சோதித்துத் திருத்திக்கொள்ளும் இடமாகவே அவர் பள்ளியைக் கண்டார். அங்கு நடந்தவை ஆசிரியர்களால் தொடர்ந்து அறிக்கைகளாக எழுதப்பட்டன. 1900இல் அவற்றின் ஒரு பகுதி தொடர் வெளியீடுகளாக அச்சேறியது.

சிகாகோவை விட்டு அவர் விலகிய 1904ஆம் ஆண்டில் எழுதிய ‘கல்வியில் கோட்பாட்டுக்கும் செயல்முறைக்கும் உள்ள உறவு’ என்ற கட்டுரை நம் ஆய்வுக்கு மிக முதன்மையானது. பயிற்சி மாணவரைப் போதிய முன்னறிவின்றிக் கற்பிக்க அனுப்பினால் அவர் கவனம் முழுவதும் வகுப்பை அடக்கி வைப்பதிலேயே செல்லும். ஏனெனில் மேற்பார்வையாளர் கண்ணுக்கு உடனே தெரிவது அதுவே. குழந்தையிடம் வெளிப்படையாகத் தெரியும் கவனம் ஒன்று. அதன் உள்ளத்தில் நிகழும் கவனம் மற்றொன்று. முதலாவதை மட்டும் காணப் பழகியவர் இரண்டாவதைக் காணும் திறனை இழந்துவிடுவார். ஆகவே பயிற்சியின் முதற்கட்ட உற்றுநோக்கல், நல்லாசிரியர் எப்படிக் கற்பிக்கிறார் என்று உத்திகளைத் திரட்டுவதற்காக அமையலாகாது. ஆசிரியரின் உள்ளமும் குழந்தையின் உள்ளமும் ஒன்றையொன்று எவ்வாறு தூண்டுகின்றன என்பதைக் காண்பதே அதன் நோக்கமாக வேண்டும். கற்பிக்கும் பொறுப்பு அதன்பின் சிறிது சிறிதாக அளிக்கப்பட வேண்டும்.

இவ்வாதம் ஆசிரியரைப் புறக்கணிக்கச் சொல்வதன்று. காண்பதற்கும் செய்வதற்கும் இடையே ஒரு கால இடைவெளியைக் கோருவது. காண்பது உடனடிப் பயனை நோக்கியதாகிவிட்டால் பயனுக்கு அப்பால் உள்ளவை கண்ணில் படுவதில்லை என்பதே அதன் அடிப்படை.

4. முயல் குழியைத் தோண்டியவர்கள்: கேம்பிரிட்ஜ், 1924–1927

டூயி கோரிய உற்றுநோக்கல் நடைமுறையில் எவ்வாறு இருக்கும் என்பதற்குச் சிறந்த சான்று கேம்பிரிட்ஜ் நகரின் மால்ட்டிங் ஹவுஸ் பள்ளியாகும். ஜெஃப்ரி பைக் என்பவர் நிறுவிய இப்பள்ளியைச் சூசன் ஐசக்ஸ் 1924 முதல் 1927 வரை நடத்தினார். உளவியலும் உளப்பகுப்பாய்வும் பயின்ற அவர், குழந்தைகளின் உரையாடல்களையும் செயல்களையும் நிகழ்ந்த உடனேயே எழுதி வைக்கும் ஏற்பாட்டைச் செய்தார். பின்னர்ச் சுருக்கெழுத்தாளர்களும் இப்பணியில் அமர்த்தப்பட்டனர். இப்பதிவுகளே அவருடைய இரு பெரும் நூல்களுக்கு, அதாவது 1930இல் வெளிவந்த ‘சிறு குழந்தைகளின் அறிவு வளர்ச்சி’, 1933இல் வெளிவந்த ‘சிறு குழந்தைகளின் சமூக வளர்ச்சி’ ஆகியவற்றுக்கு, அடித்தளமாயின.

முதல் நூலில் உள்ள ஒரு நிகழ்வு பலராலும் சுட்டப்படுவது. பள்ளியில் வளர்த்த முயல் ஒன்று இறந்துவிடுகிறது. அதன் வயிறு ஏறி இறங்கவில்லை என்பதைக் கொண்டு அது இறந்ததை ஒரு சிறுவன் கண்டுகொள்கிறான். நீரில் இட்டால் மீண்டும் உயிர்பெறும் என்று தன் தந்தை கூறியதாக மற்றொருவன் சொல்ல, குழந்தைகள் அவ்வாறே செய்து பார்க்கிறார்கள். நீரில் முயல் அசைவதைக் கண்டு அதற்கு உயிர் வந்துவிட்டது என்கிறார்கள். பின்னர் அது புதைக்கப்படுகிறது. மறுநாள், முயல் அங்கேயே உள்ளதா, வானுக்குச் சென்றுவிட்டதா என்ற ஐயம் எழுகிறது. தோண்டிப் பார்த்து, அது அங்கேயே இருப்பதைக் கண்டு மீண்டும் மூடுகிறார்கள்.

பாடம் கற்பித்தலை மட்டும் மதிப்பிடும் பதிவேட்டில் இந்நிகழ்வுக்கு இடம் கிடைக்காது. பாட அறிமுகம் இல்லை, கரும்பலகை இல்லை, ஆசிரியர் ஏறத்தாழப் பேசவே இல்லை. ஆனால் அறிவு பெறும் முறை முழுமையும் இதில் அடங்கியுள்ளது. பெரியவர் சொல்லைச் சோதித்துப் பார்த்தல், அசைவை உயிரெனக் கொண்ட பிழையான ஊகம், செவிவழிக் கேட்ட நம்பிக்கையை மண்ணைத் தோண்டிச் சரிபார்த்தல் ஆகிய மூன்றும் இரண்டு நாள்களில் நிகழ்ந்துவிடுகின்றன. பயனுள்ள சூழலில் சிறு குழந்தைகளாலும் காரண காரியத் தொடர்பைச் சிந்திக்க முடியும் என்று ஐசக்ஸ் வாதிட்டதற்கும், அதன் வழியே ஜீன் பியாஜேயின் சில முடிவுகளை மறுத்ததற்கும் இத்தகைய பதிவுகளே ஆதாரம். 1927இல் பியாஜே இப்பள்ளிக்கு நேரில் வந்து சென்றதும் குறிப்பிடத்தக்கது.

முறையியல் நோக்கில் ஐசக்ஸின் பங்களிப்பு மூன்று. முதலாவது, நிகழ்ந்ததைப் பதிவதையும் அதற்குப் பொருள் காண்பதையும் அவர் பிரித்து வைத்தார். ‘கவனமின்றி இருந்தான்’ என்பது தீர்ப்பு. ‘சன்னல் வழியே அணிலைப் பார்த்துக்கொண்டிருந்தான்’ என்பது பதிவு. இரண்டாவது, குழந்தைகளுக்குப் புனைபெயர் இட்டார். மூன்றாவது, அழகானவற்றை மட்டும் தேர்ந்தெடுக்காமல் சினம், பொறாமை, கொடுமை ஆகியவற்றையும் மறைக்காமல் பதிந்தார்.

இப்பள்ளியின் எல்லைகளும் சுட்டப்பட வேண்டியவை. அங்குப் பயின்ற குழந்தைகள் மிகச் சிலர். பெரும்பாலும் கேம்பிரிட்ஜின் கற்றறிந்த குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். அவர்களிடம் கண்டதை எல்லாக் குழந்தைகளுக்கும் பொதுவாக்குவது பொருந்தாது. தம்மைப் பற்றி எழுதப்படுவதைக் குறித்துக் குழந்தைகளின் கருத்து கேட்கப்பட வேண்டும் என்ற இன்றைய ஆய்வு அறம் அக்காலத்தில் உருப்பெறவில்லை. ஆயினும் 1933இல் இலண்டன் கல்வியியல் நிறுவனத்தில் குழந்தை வளர்ச்சித் துறை தொடங்கப்பட்டு ஐசக்ஸ் அதன் தலைமையை ஏற்றபோது, குழந்தையை உற்றுநோக்கும் அறிவு அனுபவம் மிக்க ஆசிரியர்களுக்கான பல்கலைக்கழகப் படிப்பாக உருப்பெற்றது.

5. அமர்ந்து காணுதல்: அடையாறும் கொடைக்கானலும், 1939–1949

இரண்டாம் மரபு தமிழகத்தை நேரடியாகத் தொட்ட காலம் மரியா மாண்டிசோரி இங்கே தங்கியிருந்த ஆண்டுகளாகும். மருத்துவராகிய அவர் 1907 ஜனவரி 6 அன்று உரோம் நகரின் சான் லொரென்சோ பகுதியில் முதல் ‘குழந்தைகள் இல்லம்’ தொடங்கியவர். பிரம்மஞான சபைத் தலைவர் ஜார்ஜ் அருண்டேலின் அழைப்பை ஏற்று 1939இல் மகன் மாரியோவுடன் சென்னை வந்தார். அடையாறில் நடைபெற்ற முதல் பயிற்சி வகுப்பில் ஏறத்தாழ 300 பேர் பயின்றனர். 1940இல் இத்தாலி போரில் இறங்கியதும் மாரியோ காவலில் வைக்கப்பட்டார். மாண்டிசோரியின் நடமாட்டமும் கட்டுப்படுத்தப்பட்டது. பின்னர் இருவரும் கொடைக்கானலில் தங்கியபோது, இலங்கையைச் சேர்ந்த லீனா விக்கிரமரத்ன துணைபுரிய, அங்கே ஒரு சிறு பள்ளி உருவாயிற்று. வெவ்வேறு வயதுக் குழந்தைகள் ஒன்றாகப் பயின்ற அச்சூழலில் செடிகொடிகள், விலங்குகள், புவி ஆகியவை குறித்த அவருடைய பாட அமைப்பு விரிவு பெற்றது. ‘உள்வாங்கும் மனம்’ என்னும் அவர் நூல் 1949இல் சென்னையில் முதற்பதிப்பாக வெளிவந்தது.

மாண்டிசோரிப் பயிற்சியில் உற்றுநோக்கல் தனியொரு பயிற்சியாகும். பயிற்சியாளர் ஓரிடத்தில் அமர்ந்து, பேசாமல், குறுக்கிடாமல், ஒரு குழந்தை எந்தப் பொருளை எடுக்கிறது, எவ்வளவு நேரம் அதில் ஈடுபடுகிறது, எப்போது விட்டு விலகுகிறது என்று குறித்து வர வேண்டும். உதவி செய்ய எழும் கையை அடக்கிக்கொள்வதும் ஆசிரியர் கற்க வேண்டிய திறன் என்பது இதன் உட்பொருள்.

எனினும் இம்மரபு பல்கலைக்கழகக் கல்வியியல் துறைகளின் மையத்தை எட்டவில்லை. மழலையர் பள்ளி ஆசிரியர்க்கான தனிப் பயிற்சியாகவே அது பெரிதும் நின்றது. பல்கலைக்கழக நிலையில் குழந்தையை உற்றுநோக்கும் ஆய்வகங்கள் மனையியல் துறைகளில் உருவாயின. பரோடா மகாராஜா சாயாஜிராவ் பல்கலைக்கழகத்தின் மனையியல் புலத்தைச் சேர்ந்த சேத்தன் பால்வாடி இதற்குத் தக்க எடுத்துக்காட்டு. இதன் விளைவாகக் குழந்தையை அறிவது பெண்கள் பயிலும் மனையியலின் பணி என்றும், பாடம் கற்பிப்பது கல்வியியலின் பணி என்றும் ஒரு பிரிவினை ஏற்பட்டது. ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தையைப் பொறுமையாகக் காண்பதும், பத்து வயதுக் குழந்தையை வகுப்பில் ஒருவராக மட்டும் காண்பதும் இப்பிரிவினையின் பயன்களாகும்.

6. மூன்று நொடிக்கு ஒரு குறி: அளவையின் காலம்

1960களில் அமெரிக்காவில் உருவான இரு கருவிகள் இந்திய ஆசிரியர் கல்வியை வெகுவாகப் பாதித்தன. முதலாவது, ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் 1963 அளவில் வளர்த்தெடுக்கப்பட்ட நுண்ணிலைக் கற்பித்தல். இரண்டாவது, நெட் ஃபிளாண்டர்ஸ் உருவாக்கிய வகுப்பறை இடைவினைப் பகுப்பாய்வு. பரோடாவின் கல்வி உயராய்வு மையத்தில் 1970களில் நடைபெற்ற ஆய்வுகளின் வழியே நுண்ணிலைக் கற்பித்தல் இந்தியச் சூழலுக்கு ஏற்ப வடிவமைக்கப்பட்டு, நாளடைவில் கல்வியியல் கல்லூரிகளின் பாடத்திட்டத்தில் நிலைபெற்றது.

ஃபிளாண்டர்ஸ் முறையில் உற்றுநோக்குபவர் மூன்று நொடிக்கு ஒருமுறை வகுப்பில் நிகழ்வதைப் பத்து வகைகளுள் ஒன்றாகக் குறிக்க வேண்டும். அவற்றுள் ஏழு வகைகள் ஆசிரியரின் பேச்சைக் குறித்தவை; இரண்டு மாணவரின் பேச்சைக் குறித்தவை. எஞ்சிய ஒன்றில் அமைதியும் குழப்பமும் சேர்த்து வைக்கப்பட்டுள்ளன. வகுப்பறைகளில் ஆசிரியர் பேச்சு மிகுந்திருப்பதை எண்களால் வெளிப்படுத்தியது இக்கருவியின் சிறப்பு. மாணவர் பேச்சுக்கு இடம் தர வேண்டும் என்பதற்கே அது சான்றளித்தது. ஆயினும் அது பயிற்சிக் கருவியானபோது வேறொரு விளைவும் நேர்ந்தது. விடையை யோசித்துக்கொண்டிருக்கும் குழந்தையின் அமைதியும், பாடம் புரியாமல் திகைக்கும் குழந்தையின் அமைதியும், வகுப்பில் எழும் கூச்சலும் ஒரே பத்தாம் எண்ணைப் பெற்றன. பேசாத குழந்தை தரவில் இடம்பெறவே வழியில்லை.

7. நீண்ட காலமும் பழைய பார்வையும்

இந்தியாவில் இரண்டாம் மரபைப் பல்கலைக்கழகப் பட்டப்படிப்பின் பகுதியாக்கிய முயற்சியாக, 1994இல் தில்லிப் பல்கலைக்கழகம் தொடங்கிய நான்காண்டுத் தொடக்கக் கல்விப் பட்டப்படிப்பைக் குறிப்பிடலாம். குழந்தைகளை உற்றுநோக்குதல் என்பதே அதில் ஒரு தனிச் செய்முறைத் தாளாக வைக்கப்பட்டது. பள்ளியில் முழுமையாகப் பணியாற்றும் பயிற்சி இறுதியாண்டில்தான் வருகிறது. காண்பதற்கும் கற்பிப்பதற்கும் இடையே டூயி கோரிய இடைவெளி இங்கே பாட அமைப்பாகியுள்ளது.

நீதிபதி வர்மா ஆணையத்தின் 2012ஆம் ஆண்டு அறிக்கையைத் தொடர்ந்து, தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம் 2014இல் வெளியிட்ட விதிமுறைகள் பி.எட். படிப்பை ஈராண்டாக்கின. பள்ளிப் பணிப்பயிற்சி 20 வாரங்களாக, முதலாண்டில் 4, இரண்டாமாண்டில் 16 என உயர்த்தப்பட்டது. ‘குழந்தைப் பருவமும் வளர்தலும்’ என்னும் தாள் பாடத்திட்டத்தின் தொடக்கத்திலேயே இடம்பெற்றது. இவை வரவேற்கத்தக்க மாற்றங்கள்.

ஆனால் இவ்விதிமுறைகள் பணிப்பயிற்சிக் கால உற்றுநோக்கல்களாகக் குறிப்பிடுபவை கூர்ந்து நோக்கத்தக்கன. தொடக்கத்தில் ஒரு வாரம் வழக்கமான ஆசிரியரின் வகுப்பை உற்றுநோக்கல், பின்னர்ப் பயிற்சிப் பாடங்களைச் சக மாணவரும் பள்ளி ஆசிரியரும் பேராசிரியரும் உற்றுநோக்கல் என்பன அவை. இவை அனைத்திலும் காணப்படுபவர் கற்பிப்பவரே. தனியாள் ஆய்வு என்ற பெயரில் ஒரு குழந்தையைப் பற்றி எழுதும் வழக்கம் கல்லூரிகளில் உண்டு. எனினும் அதற்குப் பெரும்பாலும் தேர்வாவது சிக்கலுடையது என ஆசிரியர்கள் முன்பே முத்திரையிட்ட குழந்தை. சிக்கலற்றதாகத் தோன்றும் குழந்தை எவ்வாறு கற்கிறது என்பது எழுதப்படாமலே போகிறது.

இங்கே ஒரு முரண் புலப்படுகிறது. குழந்தை அறிவைத் தானே கட்டமைக்கிறது என்று கோட்பாட்டுத் தாளில் எழுதும் மாணவர், பள்ளியில் அந்தக் கட்டமைப்பு நிகழும் இடத்தைப் பார்க்குமாறு பணிக்கப்படுவதில்லை. கோட்பாடு இரண்டாம் மரபிலிருந்தும், பதிவேடு முதல் மரபிலிருந்தும் வந்திருப்பதே இதற்குக் காரணம்.

8. முடிவுரை

இவ்வாய்வின் வழிப் பெறப்படும் கருத்துகள் வருமாறு:

• வகுப்பறை உற்றுநோக்கல் என்ற ஒரே பெயரில் இரு வேறு செயல்கள் வழங்கிவருகின்றன. கற்பித்தலைக் கண்டு பழகுவது ஒன்று. கற்றலைக் கண்டு அறிவது மற்றொன்று.

• காலனிய ஆட்சியில் அமைந்த பயிற்சிப்பள்ளி ஏற்பாடும், பின்னர் வந்த அளவைக் கருவிகளும் இந்தியக் கல்வியியலில் முதலாவதை வலுப்படுத்தின. இரண்டாவது மழலையர் பயிற்சிக்கும் மனையியலுக்கும் உரியதாக ஒதுங்கியது.

• 2014ஆம் ஆண்டின் விதிமுறைகள் கால அளவை நீட்டித்தன; பார்வையின் திசையை மாற்றவில்லை.

• ஐசக்ஸ் பின்பற்றிய முறையில் பதிவையும் தீர்ப்பையும் பிரித்தெழுதும் பயிற்சி, புனைபெயர் வழக்கு ஆகியவற்றுடன், இன்றைய ஆய்வு அறம் கோரும் ஒப்புதலையும் சேர்த்துக் குழந்தை உற்றுநோக்கலை அமைக்க இடமுண்டு. இதற்குப் பெருஞ்செலவு தேவையில்லை. பதிவேட்டின் கட்டங்களும் மதிப்பெண் பங்கீடும் மாற வேண்டும்.

கடைசி இருக்கையில் அமர்ந்திருக்கும் மாணவரை வகுப்பின் பக்கவாட்டுக்கு நகர்த்தி, ஒரு பாடவேளை முழுவதும் ஒரு குழந்தையை மட்டும் கண்டு எழுதச் செய்வது மிகச் சிறிய மாற்றமே. நாளை அவர் ஆசிரியராகும்போது, அவர் முன் அமரப்போகும் பேசாத குழந்தை கண்ணில் படுமா என்பது இத்தகைய சிறு மாற்றங்களைப் பொறுத்தே அமையும்.